ஆறு நாள் வெளிச்சம்

ஒரு நாளைக்கு அரை மணி நேரம் எழுதலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எழுதுகிறேன். கடிகாரம் எனக்குத் தெரிகிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் முடிவு. அவசரக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மற்றவர்களுக்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வயது அறுபத்தேழு. பெங்களூரில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் நிர்வாகப் பிரிவில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். விடுப்பு விதி, மாற்றல் விதி, மருத்துவ விதி என்று விதிகளைப் படித்தே வயிறு வளர்த்தேன். ஓய்வுக்குப் பிறகு மர்பி டவுனில் எங்கள் தமிழ்ச் சபைக்குச் செயலாளர். அங்கேயும் அதே பிழைப்புதான். ஞானஸ்நானச் சான்று வராமல் சபையில் கல்யாண ஓலை வாசித்து அறிவிக்கக் கூடாது என்று ஆயருக்கே ஞாபகப்படுத்துகிறவன். முதுகுக்குப் பின்னால் சபை என்னை 'ரூல் புக்' என்று சொல்வது எனக்குத் தெரியும். தப்பான பெயர் என்று சொல்ல மாட்டேன்.

என் மனைவி ரூபி வேறு ரகம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். ஆண்டவரோடு அவள் பேசுவது, காய்கறிக்காரரோடு பேசுவது போல இருக்கும்; கேட்பாள், பேரம் பேசுவாள், சில நாள் கோபித்துக்கொள்வாள். கல்யாணமாகி முப்பத்தெட்டு வருடத்தில் அவளுக்கு என்னிடம் இருந்த ஒரே குறை, நான் கோவில் விதியெல்லாம் தெரிந்தவன், கோவிலுக்குச் சொந்தக்காரரைத் தெரியாதவன் என்பது. இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் பெண்கள் ஜெபக்குழுவின் மாதாந்திர விண்ணப்பப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பவன் நான்தான். அதில் பல வருடமாக ஒரு வரி மாறாமல் வந்துகொண்டிருந்தது: 'ஒரு சகோதரியின் கணவருடைய மனக்கண்கள் திறக்கப்பட.' எந்தச் சகோதரி என்று நான் கேட்டதில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

இனி உடம்பைப் பற்றி. எனக்கு வேலை செய்கிற கண் ஒன்றுதான். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி. சின்ன வயதில் யாரும் கவனிக்காததால் அது அப்படியே நின்றுவிட்டது. வலது கண் கனமான மைனஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டுக்கும் சேர்த்து உழைத்தது.

தவக்காலத்தில் எங்கள் கோவிலில் காலை ஐந்தரைக்கு ஜெபம் உண்டு. அன்று செவ்வாய்க்கிழமை. பீடத்து மெழுகுவர்த்திகளைத் தவிர வேறு விளக்கு இல்லை. எல்லோரும் முழங்காலில் இருந்தபோது என் வலது ஓரத்தில் வில் போல வளைந்து ஒரு வெளிச்சம் பளிச்சிட்டது. மின்னலோ என்று ஜன்னலைப் பார்த்தேன். வானம் துடைத்துவிட்டாற்போல் இருந்தது. மறுபடியும் வந்தது. கண்ணை மூடினேன். மூடிய கண்ணுக்குள்ளும் வந்தது.

வீட்டுக்கு நடந்து வரும்போது சும்மா சொல்லிவைத்தேன்.

"ரூபி, ஜெபத்துல இருக்கறப்ப ஏதோ வெளிச்சம் மாதிரி பட்டுது."

"எங்க?"

"இந்தப் பக்கம். கண்ணை மூடினாலும் தெரிஞ்சுது."

பால் பூத் எதிரில் அவள் நின்றுவிட்டாள். "மூடினாலுமா?"

"ம்."

"என்னாங்க, நெஜமாத்தான் சொல்றீங்களா?"

நான் தலையாட்டினேன். பால் வாங்க வந்தவர்கள் பார்க்கப் பார்க்க அவள் அழுதாள். அழுகைக்கு நடுவில் சிரித்தாள். அந்த மாதிரி ஒரு சிரிப்பை அவள் முகத்தில் நான் அதுவரை பார்த்ததில்லை, எங்கள் மகள் பிறந்த அன்றுகூட.

இப்போது ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பே கண் டாக்டர் ஒருவர் என்னை எச்சரித்திருந்தார். மைனஸ் அதிகமான கண்ணில் விழித்திரை மெலிந்திருக்கும்; பளிச்சென்று வெளிச்சம் அடித்தாலோ, கரி பறப்பது போலத் தெரிந்தாலோ அன்றைக்கே வர வேண்டும் என்றார். நான் எதையும் மறக்கிற ஆள் இல்லை. பால் பூத் எதிரிலேயே எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

காரணம் அவள் முகம் என்று எழுதினால் அழகாக இருக்கும். பாதி உண்மை அது. மீதியையும் எழுதிவிடுகிறேன். எல்லோரும் உருகி ஜெபிக்கும்போது பக்க எண் பார்த்துக்கொண்டிருந்தே கிழவனாகிவிட்டவன் நான். எனக்கென்று ஒன்று வந்திருந்தால் வந்ததாகவே இருக்கட்டுமே என்று ஒரு நப்பாசை.

மறுநாள் பாக்கியம் அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். பெண்கள் ஜெபக்குழுவின் தலைவி. எழுபதைத் தாண்டியவர், நீலசந்திராவில் தனியாக இருந்துகொண்டு தையல் வகுப்பு நடத்தியவர். சபையில் யாருக்குத் தலைவலி என்றாலும் இரண்டு பஸ் மாறி வந்து தலையில் கை வைத்து ஜெபிப்பவர்.

"தம்பி, எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சு, அதச் சொல்லுங்க மொதல்ல."

"வலது பக்கம் அக்கா."

"வலது பாரிசம்! கேட்டியா ரூபி? வலது பாரிசம்! இது தரிசனம் இல்லாம வேற இன்னா?"

வேலை செய்கிற கண் வலது கண் என்பதால் வலது பக்கம் வந்தது. இதை நான் சொல்லவில்லை. காபியைக் குடித்தேன்.

வியாழக்கிழமை கரி பறக்க ஆரம்பித்தது. அடுப்பில் காகிதம் எரிந்து மிதக்குமே, அந்த மாதிரி. ரூபி சமையலறையில் பாடிக்கொண்டிருந்தாள். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமையும் அதையே நினைத்தேன். அலுவலகத்தில் யாராவது ஒரு கோப்பை இப்படி நான்கு நாள் மேஜையில் வைத்திருந்தால் மெமோ கொடுத்திருப்பேன். சனிக்கிழமை மாலை, கீழேயிருந்து ஒரு கறுப்பு நிழல் மெல்ல எழும்பியது. நேராகப் பார்த்தால் என் கால்கள் இல்லை.

ஞாயிறு ஆராதனையில் இரண்டாம் வேதபாடம் வாசிப்பது என்னுடைய முறை. ஏறி நின்று வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்கிற வரி தெரிந்தது, அடுத்த வரி இல்லை. தெரிகிற வரைக்கும் போகலாம் என்று போனேன். பாதியில் அந்த வரியும் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளிந்தது. எழுத்துகள் வளைந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறின. வாக்கியத்தின் நடுவில் நின்றுவிட்டேன்.

நான் உருகிப்போய் நிற்பதாக நினைத்து, பெண்கள் பக்கத்திலிருந்து பாக்கியம் அக்காவின் குரல் தழுதழுத்தது: "ஸ்தோத்திரம்!" அவரைத் தொடர்ந்து அந்தப் பக்கம் முழுவதும், "ஸ்தோத்திரம்! ஸ்தோத்திரம்!"

ரூபி மட்டும் சொல்லவில்லை. நான் ஒரு வாக்கியத்தை நடுவில் விடுகிறவன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். எழுந்து, நடைபாதையைக் கடந்து, ஆண்கள் பக்கமாக மேடை ஏறி வந்து என் முழங்கையைப் பிடித்தாள்.

"என்னாங்க?"

"வரி தெரியல, ரூபி."

கோவில் உடையிலேயே ஆட்டோ பிடித்துக் கண் மருத்துவமனைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை, அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண்தான் உட்கார்ந்திருந்தாள். ஓய்வூதியர் அவசர சிகிச்சைக்கு முன் அனுமதி வேண்டுமா என்று அவளுக்குச் சந்தேகம். வேண்டாம், எந்தப் படிவம், எந்தக் கட்டத்தில் டிக் என்று, அந்தக் கட்டமே எனக்குத் தெரியாத நிலையில், சொல்லிக் கொடுத்தேன். "அங்கிள், நீங்க இங்கயே வேலைக்கு வந்துடுங்க" என்றாள். வாழ்க்கை முழுவதும் சேர்த்த அறிவு அன்றைக்கு எனக்குச் செய்த உதவி அவ்வளவுதான்.

டாக்டர் சுஷ்மா கன்னடக்காரர், முப்பத்தைந்து வயது இருக்கலாம். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்தை விட்டார்கள். தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு, ஒரு சின்னக் கம்பியால் கண்ணின் ஓரத்தை அழுத்தி அழுத்தி அவர் பார்த்தார். அது வலி இல்லை. வலியாக இருந்தால் தேவலை என்று தோன்ற வைக்கிற ஒன்று.

பிறகு விளக்கினார்: கண்ணுக்குள் ஜெல்லி மாதிரி ஒரு பொருள் நிறைந்திருக்கிறது. வயதாகும்போது அது சுருங்கும். சுருங்கும்போது பின்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரையைப் பிடித்து இழுக்கும். மெலிந்த திரையாக இருந்தால் கிழியும். கிழிசல் வழியே நீர் புகுந்து திரை சுவரைவிட்டுக் கழன்று வரும். கழன்ற இடம் இருட்டு. இழுபடும்போது ஏன் வெளிச்சம் தெரிகிறது என்று கேட்டேன். விழித்திரைக்குத் தெரிந்த பாஷை ஒன்றே ஒன்றுதான். தொட்டாலும் இழுத்தாலும் கிழித்தாலும் 'வெளிச்சம்' என்றுதான் அது மூளைக்குச் சொல்லும்.

"ஃபிளாஷ் எப்பலேருந்து அங்கிள்?" என்றார் டாக்டர்.

ரூபி என் தோளில் கை வைத்து நின்றிருந்தாள்.

"நேத்துலேருந்து."

"நேத்தா? சான்ஸே இல்ல. நாலஞ்சு தினா ஆகியிருக்கு. நடு பாகமே எழும்பிடுச்சு. ஃபிளாஷ் வந்தா ஒடனே வரணும்னு யாரும் சொல்லலியா உங்களுக்கு?"

நான் பதில் சொல்லவில்லை. தோளில் இருந்த கை விலகவில்லை. ஆனால் கனத்தது.

மறுநாள் காலை அறுவை சிகிச்சை. திரையைத் திரும்ப ஒட்டிவிடலாம், ஆனால் எழுத்து வாசிக்கிற நடுப்பகுதி எவ்வளவு விழித்துக்கொள்ளும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒட்டாமல் கிடந்த நாட்களைப் பொறுத்தது அது.

மயக்க மருந்து முழுசாகக் கிடையாது. கண்ணைச் சுற்றி ஒரு ஊசி. பிறகு கண் என்னுடையதில்லை. வெள்ளை விழியில் மூன்று சின்னத் துளை. அதன் வழியே ஜெல்லியை எடுத்து, திரையைத் தட்டையாக்கி, கிழிசலைச் சுற்றி லேசரால் தையல் போல அடித்து, கடைசியில் கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை ஏற்றினார்கள். வாயு மேல்நோக்கிப் போகும். அது திரையைப் பின்சுவரோடு அழுத்திப் பிடிக்க வேண்டுமானால் நோயாளி முகம் தரையைப் பார்த்திருக்க வேண்டும். பத்து நாள், ஒவ்வொரு மணி நேரத்திலும் ஐம்பது நிமிடம், சாப்பிடும்போதும் தூங்கும்போதும் குப்புற.

இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் மகள் ஷீபா, விமானத்தில் கழுத்துக்கு மாட்டுகிற தலையணையைக் கொண்டுவந்து, துப்பட்டாவால் சாப்பாட்டு மேஜை விளிம்பில் கட்டிவிட்டாள். நெற்றியை அதில் பதித்து, நாற்காலியில் கவிழ்ந்து உட்கார வேண்டும். இட்லித் தட்டு கீழே குட்டி ஸ்டூலில் இருக்கும். தண்ணீருக்கு ஸ்ட்ரா. அலுவலகம் போகுமுன் ஷீபா என் முதுகில் ஐந்து நிமிடம் தைலம் தேய்ப்பாள். "டாடி, டைல்ஸ்ல எத்தனை கோடு இருக்கு, சாயந்தரம் வந்து கேப்பேன்" என்று சொல்லிவிட்டு கம்பெனி கேபைப் பிடிக்க ஓடுவாள்.

கோடு எதுவும் தெரியாது. வாயு நிறைந்த கண்ணுக்கு ஒரு விரற்கடை தூரத்தில் பிடித்த பொருள் மட்டும் தெளிவாகத் தெரியும். அதற்கப்பால் எல்லாம் பால் நிறக் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத்தான்.

ரூபி எல்லாம் செய்தாள். இரண்டு மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து, தோளுக்கு வெந்நீர்ப் பை, ரசம் சாதத்தைக் கரைத்து டம்ளரில். பேசுவது மட்டும் இல்லை. "சொட்டு" என்பாள். நான் பத்து விநாடி முகத்தைத் திருப்புவேன். "ஆச்சு" என்பாள். டாக்டரின் கேள்விக்கு நான் பதில் சொல்லாததிலேயே அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டதா, அல்லது அவளால்தான் நாள் தள்ளிப்போனது என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். முகத்தைத்தான் பார்க்க முடியாது.

ஐந்தாம் நாள் ஜெபக்குழு வந்தது. எட்டுப் பாதங்கள் என்னைச் சுற்றி மங்கலாக நின்றன.

"இன்னா தம்பி, இப்படிக் கவுந்தே கெடக்கிறீங்க! ஆண்டவரை ஏறெடுத்துப் பாருங்க!" என்றார் பாக்கியம் அக்கா.

"டாக்டர் கீழதான் பாக்கச் சொல்லியிருக்காங்க அக்கா."

"டாக்டர் பெருசா, ஆண்டவர் பெருசா?"

"ஆண்டவர் தரைப் பக்கமும் இருப்பார் அக்கா."

அவர் சிரித்துக்கொண்டே என் நெற்றிக்கடியில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தார். அன்புதான். அந்த அன்பு இரண்டு அங்குலம் தூக்கியிருந்தால் குமிழ் இடம் மாறியிருக்கும்.

"அக்கா, கையை எடுங்க."

ரூபியின் குரல். நாற்பது பிள்ளைகளை ஒரே வார்த்தையில் உட்கார வைத்த குரல். கை சட்டென்று விலகியது.

பாக்கியம் அக்கா சமாளித்துக்கொண்டு, "அந்த வெளிச்சத்தப் பத்தி ஈஸ்டருக்குச் சாட்சி சொல்லணும் தம்பி. சபை பூரா கேக்குது" என்றார்.

"காபி ஆறுது அக்கா" என்றாள் ரூபி.

அவர்கள் போன பிறகு, மருந்துக் கடைக்குப் போய் வருகிறேன் என்று ரூபியும் கிளம்பினாள். கேட் சாத்துகிற சத்தம் கேட்டது. வீட்டில் நான் மட்டும்.

நோயாளிகளுக்கான ஜெபம் எனக்கு மனப்பாடம். எத்தனையோ பேர் கட்டிலருகே வாசித்திருக்கிறேன். அதைச் சொன்னேன். முற்றுப்புள்ளி வரை பிழையில்லாமல் போய் நின்றது. அதற்குப் பிறகும் நான் அங்கேதான் இருந்தேன், தரைக்கு இரண்டடி மேலே, மூக்கு நுனியில் வியர்வை சொட்ட. எழுந்து நிற்கவும் இல்லை, முழங்காலிலும் இல்லை. எந்த விதியிலும் சொல்லாத ஒரு கிடை. வேறு வழியில்லாமல் பேச ஆரம்பித்தேன்.

"ஆண்டவரே, எனக்குக் கண்ணு வேணும். மறைக்கல. இருட்டுக்குப் பயமா இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒண்ணு. அந்த வெளிச்சம் நீங்க அனுப்பினது இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டேன். அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததில்ல. அவ கேட்டதைக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்ல, அதனால பொய்யைக் குடுத்தேன். இப்ப அவ தன்னாலதான்னு நெனச்சுச் சாகறா. கண்ணைக் குடுத்தாலும் சரி, குடுக்காட்டியும் சரி, அந்தப் பாரத்தை அவ மேல வைக்காதீங்க. அது என்னுது."

எப்படி முடிப்பது என்று தெரியவில்லை.

"ஆமென்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் முடித்தது.

மருந்துச் சீட்டை மறந்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறாள். எவ்வளவு நேரம் நின்றாளோ. வந்து என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்தாள்.

"எப்பத் தெரியும்?"

"பால் பூத்லயே."

என் முழங்காலில் பளாரென்று ஓர் அடி விழுந்தது. அவள் அழுதாள். "என் சந்தோஷத்துக்கு உங்க கண்ணா கேட்டேன்? முப்பத்தெட்டு வருஷமா, அவர் கண்ணைத் தொறங்கன்னு கேட்டேன். இப்படியா கேட்டேன்?"

"தெரியும். மாசாமாசம் டைப் அடிச்சதே நான்தான்."

அழுகை நின்றது. "என்னாது?"

"ஒரு சகோதரியின் கணவர்."

சிரித்தாள், சிரிப்பு முடியாமல் மறுபடி அழுகையானது. பிறகு பாயை இழுத்து, நான் கவிழ்ந்திருந்த மேஜைக்கடியில் மல்லாந்து படுத்து, முழங்கையை ஊன்றி மெல்ல மேலே வந்தாள். பால் நிறத்தில் ஒரு நிழல், பிறகு ஒரு நிறம், பிறகு திடீரென்று, அவள் மூச்சு என் மேல் படுகிற தூரத்தில், ஒரே ஒரு கண். நனைந்த இமை. அத்தனை தெளிவாக நான் எதையும் பார்த்ததில்லை.

"தெரியுதா?"

"தெரியுது. இமையில ஒரு முடி நரைச்சிருக்கு."

"அதைத்தான் பாப்பீங்க." அவள் அப்படியே இருந்தாள். "நான் வெளிச்சம் கேக்கலீங்க. இப்பப் பேசினீங்க பாருங்க, அப்படி ஒரு தடவ நீங்க ஆண்டவர்கிட்டப் பேசமாட்டீங்களான்னுதான் கேட்டேன்."

வாசகர்கள் எதிர்பார்க்கக்கூடும் என்பதால் எழுதுகிறேன்: நான் தரிசனம் எதுவும் காணவில்லை. குரல் கேட்கவில்லை. பேசும்போது அந்தப் பேச்சு சுவரில் முட்டித் திரும்பவில்லை என்பதை மட்டும் சொல்ல முடியும். யாரோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். ரூபியும் கேட்டாள் என்பது வேறு விஷயம். அன்று முதல் தினமும் அந்தக் கிடையிலேயே பேசினேன். பெரும்பாலும் முதுகு வலியைப் பற்றித்தான்.

பத்து நாள் முடிந்து தலை நிமிர்ந்தேன். வாயு கரையக் கரைய, பார்வை மேலேயிருந்து திறக்கும். முதலில் சீலிங் ஃபேன் வந்தது. இரண்டு நாளில் கதவின் மேல்சட்டம். பிறகு ரூபியின் நெற்றி, அதன் பிறகு புருவம். பாட்டிலில் தண்ணீர் மட்டம் இறங்குவது போல அந்தக் கோடு ஆடிக்கொண்டே நாளுக்கு நாள் கீழே போனது. குமிழ் உள்ளே இருக்கும்வரை விமானம் ஏறக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது. உயரத்தில் வாயு விரிந்து கண்ணை நெருக்கும்.

டாக்டர் சுஷ்மா அட்டையைக் காட்டினார். நான்காவது வரி வரை வாசித்தேன். நேர்க்கோடுகள் நடுவில் கொஞ்சம் வயிறு தள்ளித் தெரிகின்றன. அது அப்படியே இருந்துவிடக்கூடும் என்றார். முதல் நாளே வந்திருந்தால் கோடு நேராக இருந்திருக்கும் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஈஸ்டர் அன்று ஆயர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். என்ன சொல்லப்போகிறேன் என்று ரூபியிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஜெபக்குழுவில் தலைகுனிவு அவளுக்குத்தான். "நேரா சொல்லிடுங்க" என்றாள்.

சொன்னேன். நான் கண்டது தரிசனம் இல்லை, விழித்திரை கிழிந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் ஆறு நாள் பேசாமல் இருந்தேன், ஏனென்றால் பரிசுத்தவானாக இருப்பது எனக்குப் பிடித்திருந்தது. உங்களில் யாருக்காவது அப்படி வெளிச்சம் தெரிந்தால், கரி பறந்தால், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஆண்டவர் அனுப்பிய வெளிச்சமாக இருந்தால், டாக்டர் பார்த்து முடிக்கும்வரை அவர் காத்திருப்பார். இருட்டில் கிடந்தபோது நான் அவரோடு பேசினேன். அதைத்தான் சாட்சியாகச் சொல்ல முடியும்.

யாரோ இருமினார்கள். ஆண்கள் பக்கம் தரையைப் பார்த்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரே ஒரு குரல் வந்தது: "ஸ்தோத்திரம்." ரூபி.

ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே கேக்கும் காபியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, பாக்கியம் அக்கா மட்டும் குழாயடியில் தனியாக நின்றார். கையாட்டிக் கூப்பிட்டார். கோபமாக இருக்கும் என்று நினைத்துப் போனேன்.

"தம்பி, அந்தக் கரி மாதிரி பறக்கும்னு சொன்னீங்களே. அது எப்படி இருக்கும்?"

"உங்களுக்கு எப்பலேருந்து அக்கா?"

அவர் முந்தானையைச் சுருட்டினார். "பெரிய வெள்ளிக்கிழம மும்மணி ஆராதனையிலேருந்து. வெளிச்சமும் ரெண்டு தடவ வந்துச்சு. நான் வேற மாதிரி நெனச்சிக்கினேன். யார்கிட்டயும் சொல்லல."

ரூபி காபி டம்ளரை அப்படியே மதில் மேல் வைத்துவிட்டு ஆட்டோவை நிறுத்தப் போனாள்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அக்காவின் கண்ணில் கிழிசல் இல்லை. வயதானதால் ஜெல்லி மட்டும் சுருங்கிப் பிரிந்திருந்தது. ஒரு மாதம் கழித்து வந்தால் போதும், நடுவில் இருட்டு ஏதாவது தெரிந்தால் உடனே வர வேண்டும் என்றார்கள். ஆனால் அது தெரிய ஒரு மணி நேரம் ஆனது. அந்த ஒரு மணி நேரம் எங்களுக்குத் தெரியாது.

படிவத்தை நான் நிரப்பினேன். நர்ஸ் சொட்டு மருந்தை விட்டு, கண்ணைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று பேரும் இரும்பு நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்தோம். சபையில் பாதிப் பேர் தலையில் இருந்திருக்கிற அந்தக் கைகள் மடியில் வெறுமனே கிடந்தன. ரூபி ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். அக்காவின் உதடுகள் ஏதோ தொடங்கித் தொடங்கி நின்றன.

"வார்த்தை வரல தம்பி" என்றார். "பயமா இருக்கு. ஊசியில நூல் கோக்கக் கூட வேற யாரையும் கேட்டதில்ல நான், நானேதான் கோப்பேன். ஒரு ஜெபம் பண்ணுங்க."

சுற்றிலும் கட்டுப் போட்ட கண்களோடு அந்நியர்கள். ஒருவர் செல்போனில் சத்தமாகக் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். ரூபி வழக்கம்போல் தலையைத் தாழ்த்திக் கண்ணை மூடினாள். நானும் மூட வேண்டும், அதுதான் முறை. மூடவில்லை. அக்காவின் முகம் எனக்கு முன்னால் இருந்தது. மருந்து வழிந்த கன்னம், இறுக மூடிய இமைகள், நடுவில் லேசாக வளைந்து தெரிந்த நெற்றிச் சுருக்கம். அதைப் பார்த்துக்கொண்டே, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "ஆண்டவரே, பாக்கியம் அக்கா பயந்துபோயிருக்காங்க" என்று ஆரம்பித்தேன்.